பழைய சுவர், பன்னிரண்டு சதவீதம்

“அந்தச் சுவர் எங்க இருக்கு?” என்று முதலாளி மூன்றாவது தடவையாகக் கேட்டார். மூன்றாவது தடவையும் நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மாப்பிள்ளையின் பல்லிடுக்கில் சிக்கியிருந்த கீரையை நீக்கிக்கொண்டிருந்தேன்.

“எந்தச் சுவர் சார்?”

“எந்தச் சுவரா? நம்ம ஸ்டுடியோவுக்குப் பேர் வாங்கிக் குடுத்த சுவர். நீ ஃபோட்டோ எடுத்து ‘பழைய சுவர்’னு போட்டு வச்சிருக்கியே, அது. ஆல்பக் கம்பெனிக்காரர் வியாழக்கிழமை வர்றார். அந்தச் சுவத்தை நேர்ல பாக்கணுங்கறார்.”

“ஞாபகம் இல்ல சார். எங்கயோ போற வழியில எடுத்தது.”

பொய். அந்தச் சுவர் எங்கே இருக்கிறதென்று எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறேன். அது என் இடது கன்னம்.

என் முகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் மரியாதை தர எனக்கு விருப்பமில்லை. பதினான்கு வயதில் பருக்கள் வந்தன. எல்லாருக்கும் வருவதுபோலத்தான் வந்தன, ஆனால் எல்லாருக்கும் போவதுபோலப் போகவில்லை. ஆறு வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது வீட்டையும் பாழாக்கிவிட்டுப் போன வாடகைக்காரர்கள் அவை. இரண்டு கன்னத்திலும் குழிகள். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாக நிழல் விழும். எனக்கு வயது முப்பத்து மூன்று. இந்த முகத்தோடு நான் பழகி முடித்துவிட்டேன். மற்றவர்கள்தான் இன்னும் பழகவில்லை.

ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாக எடிட்டிங் செய்கிறேன். இங்கே என் பெயரே எடிட்டிங்தான். “எடிட்டிங்கைக் கூப்பிடு”, “எடிட்டிங் சாப்பிட்டாளா?” இப்படித்தான். கறுப்புத் திரைச்சீலைக்குப் பின்னால் சன்னல் இல்லாத அறை. படத்தின் நிறத்தில் கண் ஏமாறக் கூடாதென்று நான்கு பக்கமும் சாம்பல் பெயின்ட். இரண்டு திரைகள், இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஏசி. வாடிக்கையாளர் யாரும் உள்ளே வருவதில்லை. நானும் வெளியே போவதில்லை. தண்ணீர் பிடிக்க எழுந்தால்கூட முதலாளி, “ஆள் இருக்காங்க, அப்புறம் போ” என்பார். திட்டுவதுபோல இருக்காது. மழை பெய்கிறது, அப்புறம் போ என்பதுபோல இருக்கும். அதனால்தான் ஒன்பது வருடம் சண்டை போட வழியில்லாமல் போயிற்று.

சுவர் பிறந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. படம் எடுத்தவர் எங்கள் ஒன்மோர் அண்ணன். எவ்வளவு நல்ல படம் விழுந்தாலும் “ஒன் மோர்” என்று இன்னொன்று எடுக்காமல் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். “முகத்துல ஒரு புள்ளி இருக்கக் கூடாது” என்று முதலாளி எனக்கு உத்தரவு போட்டார். நீக்கினேன். மூக்கோர மச்சத்தை, கண்ணுக்குக் கீழிருந்த கோட்டை, கன்னத்துப் பூனைமுடியை, எல்லாவற்றையும். கடைசியில் சோப்புக்கட்டி ஒன்று திரையில் சிரித்தது. மகள் வந்து பார்த்துவிட்டு, “இது யாருப்பா?” என்று கேட்டாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். உத்தரவு அவருடையது, குற்றம் என்னுடையது. அது எங்கள் ஸ்டுடியோவின் வழக்கம்.

வழுவழுப்பாகிப்போன முகத்துக்கு மேடுபள்ளம் தெரிய டெக்ஸ்சர் போடலாம். அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாக்குத்துணி, துருப்பிடித்த தகரம், கசங்கிய தாள் என்று ஏதோ ஒன்றின் படத்தை முகத்தின்மேல் இன்னொரு லேயராகப் போட்டு, கீழே இருப்பது தெரியும்படி மங்க வைக்க வேண்டும். அதன் மேடெல்லாம் முகத்தில் வெளிச்சமாகும், பள்ளமெல்லாம் நிழலாகும். எங்கள் கணினியில் அறுநூறு டெக்ஸ்சர் இருந்தன. சாக்கைப் போட்டால் அந்தப் பெண்ணின் நெற்றியில் நெசவு தெரிந்தது. தகரத்தைப் போட்டால் நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து வந்தவள் போலிருந்தாள். மரப்பட்டையும் போட்டுப் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அன்று மதியம் கடையில் யாருமில்லை. தோலுக்குத் தோல்தானே வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மோதிரங்களைக் கிட்டத்தில் எடுக்க வைத்திருந்த மேக்ரோ லென்ஸை மாட்டி, பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்து, என் இடது கன்னத்தை நானே எடுத்தேன். நிறத்தை நீக்கிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தின்மேல் போட்டு, நூறு சதவீதத்திலிருந்து குறைத்துக்கொண்டே வந்தேன். ஐம்பதில் நான் தெரிந்தேன். முப்பதில் யாரோ தெரிந்தார்கள். பன்னிரண்டில் அந்தப் பெண்ணே வந்து நின்றாள். மச்சத்தைத் திரும்ப வைத்தேன். தொட்டால் சூடு தெரியும்போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஏனென்று நின்று யோசிக்கவில்லை.

ஃபைலுக்குப் பெயர் கேட்டது கணினி. ‘கன்னம்’ என்று தட்டினேன். அழித்தேன். ‘பழைய சுவர்’ என்று தட்டினேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

அந்தப் படம் நாலடி உயரத்தில் முதலாளி வீட்டுக் கூடத்தில் ஏறியது. பார்த்தவர்களெல்லாம் தங்களுக்கும் அதேபோல வேண்டுமென்று வந்தார்கள். பட்டம் வாங்கியவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஐம்பது வருடம் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்ட தம்பதிகள், தேர்தலில் நின்றவர்கள், தேர்தலில் தோற்றவர்கள். எல்லார் முகத்திலும் நான் பன்னிரண்டு சதவீதம் இருந்தேன். முதலாளி அதற்கு ‘நம்ம ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்தார். இப்போது ஆல்பக் கம்பெனி ஒன்று அந்த டெக்ஸ்சரை வாங்கி, ஊரிலுள்ள எல்லா ஸ்டுடியோவுக்கும் கொடுக்கப் போகிறது, எங்கள் ஸ்டுடியோ பெயரோடு. முதலாளிக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் முன்னறையை இடித்துக் கண்ணாடி போட்டுக் கட்டினார். நடுவில் ஒரு மேசை, சுவரளவு திரை. வாடிக்கையாளர் அங்கே உட்கார்ந்து தன் படம் உருவாவதைக் கண்ணால் பார்க்கலாம், இப்படிச் செய், அப்படிச் செய் என்று எடிட்டரிடம் சொல்லலாம். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். கேட்டும்விட்டேன். “பாப்போம்” என்றார். பார்த்த லட்சணம் அடுத்த வாரம் தெரிந்தது. ஒரு விளம்பரம் வடிவமைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்: ‘முன்மேசைக்கு எடிட்டிங் தெரிந்த, பார்க்க லட்சணமான பெண் தேவை.’

நானே டைப் அடித்தேன். நானே எழுத்துரு தேர்ந்தெடுத்தேன். ‘லட்சணமான’ என்பதைக் கொஞ்சம் தடிமனாகப் போடச் சொன்னார், போட்டேன். பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு முழு நாள் யாரோடும் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

சுவர் எங்கே என்று நான் சொல்லாததால், புதன்கிழமை முதலாளியும் ஒன்மோர் அண்ணனும் ஸ்கூட்டரில் சுவர் தேடிக் கிளம்பினார்கள். சாயங்காலம் இருநூறு சுவரோடு திரும்பினார்கள். முதலாளியின் முகத்தையே வைத்துச் சோதித்தோம். கிடங்குச் சுவரைப் போட்டால் முகமெல்லாம் விரிசல். பொதுக் கழிப்பறைச் சுவரைப் போட்டால் தாடையில் பாசி. ஒரு சுவரில் யாரோ கரியால் காதலைச் சொல்லியிருந்தார்கள், அது முதலாளியின் நெற்றியில் தெளிவாக விழுந்தது.

“ஒன் மோர்?” என்றார் அண்ணன்.

“வாயை மூடு” என்றார் முதலாளி. பிறகு என்னிடம் திரும்பினார். “சுவரை வச்சுத்தான் சித்திரம்னு சும்மாவா சொன்னாங்க? இத்தனை வருஷம் இருந்தும் ஒரு சுவத்தை ஞாபகம் வச்சுக்க உனக்குத் துப்பில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அம்மா விளக்கடியில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தையல் கடைக்குச் செய்து கொடுக்கிறாள். பொத்தான் துளைகளைச் சுற்றி அவள் போடும் தையலைப் போல ஒழுங்கான ஒன்றை நான் எந்தக் கணினியிலும் பார்த்ததில்லை.

“ஏன்டி தனியா சிரிக்கிற?” என்றாள்.

சொன்னேன். நான்கு வருடமாகச் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னேன். அம்மா ஊசியை நிறுத்தினாள்.

“அப்ப அந்த டாக்டரம்மா க்ளினிக்ல மாட்டியிருக்காங்களே, அவங்க மூஞ்சியில?”

“நான்தான்.”

“பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர்?”

“நான்தான்மா.”

“கண்டக்டர் சங்கத் தலைவரு?”

“அந்த மீசைக்குக் கீழயும் நான்தான்.”

அம்மா சிரித்தாள். சட்டையை மடியில் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, மடியிலிருந்த சட்டையைப் பார்த்தபடி சொன்னாள்.

“நம்ம வீட்டு ஃபோட்டோ ஒண்ணுலயும் உன் மூஞ்சி ஒழுங்கா இல்ல. நான்தான் ஒவ்வொரு தடவையும் உன்னைப் பின்னால நிக்கச் சொல்லுவேன். நீ உசரமா இருக்கேன்னு சொல்லுவேன்.”

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“நம்ம வீட்டுல நான்தான் குள்ளம்.”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை மறுபடி எடுத்தாள். எனக்கு அவள்மேல் கோபமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிதென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு துளை முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “ஊர்ல பாதிப் பேர் உன் மூஞ்சியைப் போட்டுக்கிட்டு நிமிர்ந்து நிக்கிறாங்க. நீ எதுக்குடி திரைக்குப் பின்னால உக்காந்திருக்க?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதைக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை ஆல்பக் கம்பெனிக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். பிரிண்டைச் சோதிக்கும் பூதக்கண்ணாடி ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். முன்னறையின் பெரிய திரையை இயக்க வேறு யாருக்கும் தெரியாது என்பதால் என்னைக் கூப்பிட்டார் முதலாளி. “போட்டுட்டுக் கதவோரமா நின்னுக்கோ” என்றும் சொன்னார். போட்டுவிட்டு நின்றேன்.

“முகத்து மேல போட்டதைப் பாத்துட்டேன். சுவரோட மூலப் படத்தைக் காட்டுங்க, முழு அளவுல” என்றார் வந்தவர்.

முழு அளவில் திறந்தேன். என் இடது கன்னம் சுவர் முழுக்க விரிந்தது. ஒவ்வொரு குழியும் ஒரு தட்டு அளவு. ஒரு விநாடி நானே கண்ணைத் திருப்பிக்கொண்டேன். இவ்வளவு பெரிதாக நானும் பார்த்ததில்லை. பிறகு பார்க்கப் பார்க்க, நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது.

“அடடா” என்று நாற்காலியில் முன்னால் சாய்ந்தார் அவர். “கடல் காத்து அடிச்ச சுண்ணாம்புச் சுவர் இது. பாத்தாலே சொல்லிடுவேன். நாப்பது வருஷமாவது இருக்கும்.”

“முப்பத்து மூணு சார்” என்றேன்.

“அவ்வளவு சரியாத் தெரியுமா?”

“தேதியே தெரியும் சார்.”

முதலாளி என்னை முறைத்தார். வந்தவர் எழுந்து திரையருகே போய், ஓரத்தில் ஓரிடத்தைத் தொட்டார். “இது என்ன, கோடு மாதிரி?”

“வேர் சார்” என்றார் முதலாளி சட்டென்று. “பழைய சுவர்ல செடி முளைக்கும்ல.”

“வேர்னா கிளை விடும். இது நேரா, வழவழன்னு இருக்கு. முடி மாதிரியில்ல இருக்கு?”

ஒன்மோர் அண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். இருபது வருடமாக முகங்களை மட்டுமே எடுத்த மனிதர், அவருக்குத் தெரியாமலா போகும்.

நான் கதவோரத்திலிருந்து நடந்து போய் மேசை விளக்கைப் போட்டேன். திரைக்குப் பக்கத்தில் நின்று, இடது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டினேன். காதோர முடியை ஒதுக்கிக்கொண்டேன்.

“நேர்ல பாக்கணும்னு சொன்னீங்களாமே சார். இதுதான் அந்தச் சுவர்.”

அந்த மனிதர் கிட்டே வந்தார். தொழில் பழக்கத்தில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பாதியில் கூச்சப்பட்டு இறக்கினார். “மன்னிச்சுக்கங்கம்மா.”

“பரவால்ல, நல்லாப் பாருங்க. நாலு வருஷமா ஊரே பாத்துக்கிட்டுதான் இருக்கு.”

முதலாளி சத்தமாகச் சிரித்தார். அது சிரிப்பில்லை, அவகாசம் கேட்டல். “ஒரு நிமிஷம் சார்” என்று என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுப் போனார். திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

“என்ன பண்ணி வச்சிருக்க நீ? இது வெளிய தெரிஞ்சா? தெரிஞ்சா இதை எவன் வீட்ல மாட்டுவான்?”

“உங்க வீட்ல மாட்டியிருக்கே சார். நாலடி உயரத்துல, உங்க பொண்ணு மூஞ்சியில.”

அவர் முகம் மாறியது. அந்தப் படத்தின் முன்னால் நின்று அவர் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

“சரி, ஆனது ஆச்சு” என்றார் தாழ்ந்த குரலில். “விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடு. அசல் சுவத்தை இடிச்சுட்டாங்கன்னு நான் சமாளிச்சுக்கறேன்.”

“இடியல சார். நிக்குது.”

நான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆல்பக் கம்பெனிக்காரர் பையிலிருந்து ஒரு சம்மதத் தாளை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

“சுவர்னா நாங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. மனுஷ முகம்னா அந்த ஆளோட கையெழுத்து இல்லாம தொட முடியாது. எங்க தொழில்ல அது கட்டாயம்” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “வலது கன்னம், நெத்தி எல்லாம் எடுக்க விடுவீங்களாம்மா? இது கிடைக்காத சாமான்.”

பின்னாலேயே வந்த முதலாளி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். “போடும்மா.” ஒன்பது வருடத்தில் முதல் ‘ம்மா’.

நான் தாளை முழுக்கப் படித்தேன். டெக்ஸ்சரின் பெயர் என்ற இடத்தில் ‘பழைய சுவர்’ என்று கையால் நிரப்பியிருந்தது. அதை அடித்துவிட்டு மேலே ‘கன்னம்’ என்று எழுதினேன். கம்பெனிக்காரர் தலையை ஆட்டினார்.

“இன்னொண்ணு இருக்கு” என்றேன் முதலாளியிடம். “இந்த நாற்காலி.”

“அதை அப்புறம் பேசிக்கலாம். வர்றவங்க முதல்ல பாக்குற முகம் அது, அதுக்காகச் சொல்றேன். நான் உன்னைக் குறையா எதுவும் சொல்லல.”

“நீங்க சொல்லல சார். என்னை டைப் அடிக்க வச்சீங்க.”

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன். தாளையும் கொடுத்தேன். கண்ணாடிக் கதவுக்குப் போய் விளம்பரத்தைக் கிழித்தேன். டேப் நன்றாக ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது, அவசரப்படாமல் சுரண்டினேன். பயம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். இந்த வேலை போனால் அம்மாவின் காஜா வேலைதான் எங்களுக்கு. ஆனால் திரும்பவும் திரைச்சீலைக்குப் பின்னால் போவதென்றால் என்னால் முடியாது, அது மட்டும் நிச்சயம். வந்து அந்த நாற்காலியில் கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். புது நாற்காலி, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

“கையெழுத்து வேணும்னா இங்க கொண்டு வாங்க சார்.”

முதலாளி தாளோடு நின்றார். கம்பெனிக்காரர் திரையிலிருந்த குழிகளை மறுபடி ஆராயத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். அலுவலக உடை, கையில் கோப்பு. பதவி உயர்வுக்குப் படம் எடுக்க வந்தவளாக இருக்கும். என்னைப் பார்த்தாள். பார்த்த உடனே கண்ணைத் தாழ்த்தி மேசையைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பழக்கம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மரியாதையாகத்தான் தாழ்த்துவார்கள். அந்த மரியாதைதான் என்னைப் பத்தொன்பது வருடமாகத் தின்றது.

“ஃபோட்டோ எடிட் பண்றவங்களைப் பாக்கணும்” என்றாள் மேசையிடம்.

“நான்தான். உக்காருங்க.”

அவள் உறுதி செய்துகொள்ள முதலாளியைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார், கம்பெனிக்காரரின் முதுகைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து வந்து, தாளை என் முன்னால் வைத்து, மேலே பேனாவை வைத்தார்.

“இருக்கட்டும் சார், இவங்களை முடிச்சுட்டுப் போடறேன்” என்றேன். அவர் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். பார்வை இன்னும் மேசையில்தான் இருந்தது. நான் விளக்கை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“கீழ பாக்காதீங்க” என்றேன். “நேரா என்னைப் பாருங்க.”